மருந்து அடித்த தேதிகள்

என் மருமகள் ரேணுகாவுக்கு இப்போது முப்பத்தொரு வயது. பிறந்த ஊர் சிலமலை. நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்லுவாள், அதுவும் அவளுக்குத் தோன்றினால். எங்கள் வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்து எட்டு வருசம் ஆகிறது. வரும்போது பீரோ, கட்டில், பாத்திரம் என்று எல்லாப் பெண்களும் கொண்டுவருகிறதைத்தான் கொண்டுவந்தாள். கூடவே ஒரு கம்ப்யூட்டர் பெட்டியும் வந்து இறங்கியது. காலேஜில் படிக்கும்போது அவள் அப்பன் வாங்கிக் கொடுத்ததாம்.

"இது எதுக்கு ஆத்தா நம்ம வீட்டுக்கு?" என்று கேட்டேன்.

"சோலிக்கு ஆகும் அத்தை" என்றாள்.

சோலிக்கு ஆகத்தான் செய்தது. போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரி ஆபீசில் அவளுக்கு வேலை. ஏலத்துக்கு வருகிற மூட்டைகளுக்கு லிஸ்ட் அடிக்கிறது. காலையில் ஒன்பது மணிக்குப் போனால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருவாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து, எங்கள் தோட்டத்தில் என்றைக்கு எந்த மருந்து அடித்தோம், அடுத்தது என்றைக்கு அடிக்க வேண்டும் என்று ஏற்றி வைப்பாள். போடிமெட்டைத் தாண்டி கேரளப் பக்கம் எங்களுக்கு மூணு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. ஏலச்செடிக்கு மருந்து தேதி தவறினால் காயில் சொறி விழுந்துவிடும். என் வீட்டுக்காரர் ஜக்கையன் இருந்தவரைக்கும் அந்தத் தேதியெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அவர் போன பிறகு ரேணுகாவின் கம்ப்யூட்டருக்குள் போனது. என் மகன் முத்துப்பாண்டி அவளிடம் கேட்டுக் கேட்டுத்தான் மருந்து அடிப்பான்.

எனக்கு எழுத்துத் தெரியாது. தெரியாததால் ஒன்றும் குறைந்துபோகவில்லை என்று இருந்தேன்.

ஏழு வருசம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அருள்மொழி என்று பேர் வைத்தோம். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குலசாமி கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துகிறவரைக்கும் பிள்ளையைப் போட்டோ எடுக்கக் கூடாது. பச்சைப் பிள்ளையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொன்னார். அவருக்கு அவர் மாமியார் சொன்னது. முத்துப்பாண்டிக்கும் மூணு வயசுக்கு முந்தின படம் கிடையாது. தொட்டில் போட்ட அன்றைக்கு என் நாத்தனார் மகள் ரோஜா செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊர் கூடியிருந்த சபையில் அவளை நிற்க வைத்து, எடுத்ததை என் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னேன். அழித்தாள். "கெழவிக்கு இன்னும் வெள்ளைக்காரன் காலம்" என்று முனகிக்கொண்டே போனாள். காதில் விழுந்தது. விழுந்தால் என்ன, விட்டுக்கொடுக்கவில்லை.

ரேணுகா என் பேச்சை மீறமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் எடுத்திருக்கிறாள். நான் ரேஷன் கடைக்குப் போனபோது, குளிக்கப் போனபோது, அசந்து தூங்கினபோது, ஏழு மாசத்தில் நாற்பத்து மூணு படம். வாரத்துக்கு ஒரு தடவை நான் அவள் செல்போனை வாங்கிப் பார்ப்பேன். எழுத்துத் தெரியாவிட்டாலும் விரலால் தள்ளிப் படம் பார்க்கத் தெரியும். அதனால் அவள் எடுத்த படத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு செல்லில் இருந்து அழித்துவிட்டாள். கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் போட்டு வைத்த இடத்துக்கு 'மருந்து தேதி' என்று பேர் கொடுத்திருந்தாள். மருந்துத் தேதியை யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். ஆனாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அருள்மொழியின் முகம் இந்த உலகத்தில் அந்த ஒரு பெட்டிக்குள்தான் இருந்தது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள். அப்போதுதான் நான் செய்தது என்னவென்று விளங்கும்.

ஏழாம் மாசம் காய்ச்சல் வந்தது. மூணு நாள் விடவில்லை. தேனிக்குக் கொண்டுபோனோம். டாக்டர்கள் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன், பார்த்தார்கள். நாலாம் நாள் மத்தியானம் போய்விட்டது.

சிறு பிள்ளையை எரிக்கிறதில்லை, புதைக்கிறதுதான். கருமாதி கிடையாது. படம் வைத்து மாலை போடுகிறதும் கிடையாது, போடப் படமும் இல்லை. ஒன்பது நாள் கழித்து ரேணுகா ஆபீசுக்குப் போனாள். அவள் அழுது நான் பார்க்கவில்லை. நானும் அழுத ஞாபகம் இல்லை. சோறு பொங்கினோம், தின்றோம், பாத்திரம் கழுவினோம். டி.வி. ஓடியது. ஒருநாள் உலையில் அரிசி போடாமலேயே அடுப்பை எரித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் சுண்டி, பாத்திரம் கருகின பிறகுதான் தெரிந்தது. முத்துப்பாண்டி வந்து அடுப்பை அணைத்தான்.

ஆடி பிறந்ததும் தோட்டத்தில் காய் எடுப்பு ஆரம்பித்தது. "ரேணுகாவும் கொஞ்ச நாளைக்கு மேல வரட்டும் ஆத்தா, இங்கயே கெடந்தா என்னமோ ஆயிருவா" என்றான் முத்துப்பாண்டி. அவள் ஆபீசில் லீவு சொன்னாள். கிளம்பும்போது கம்ப்யூட்டரையும் கழற்றிக்கொண்டாள்.

"இந்தக் கழுதைய எதுக்கு மலைக்குச் சுமக்குற?"

"மருந்து தேதி இருக்கு அத்தை."

ஜீப்பில் எங்களோடு பதினாலு பேர், எல்லாம் எடுப்புக்குப் போகிற பெண்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கும் அவள் அந்தப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்து, ஒரு கையால் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஜீப் டிரைவர் வெளியூர்க்காரன், ஒன்றும் தெரியாதவன். கண்ணாடியில் பார்த்து, "என்னக்கா, பச்சப் பிள்ளைய மாதிரி இடுக்கிட்டு வர்றீங்க. கீழ வைங்க, அது என்ன அழவா போகுது" என்றான். ஜீப்பில் இருந்த பொம்பளைகள் எல்லாரும் ரோட்டைப் பார்த்தார்கள். ரேணுகா, "இருக்கட்டும்ணே" என்றாள்.

மலை வீடு தகரம் போட்டது. இரண்டாவது வாரம் மூணு நாள் விடாமல் மழை. அன்றைக்குச் சிலமலையில் ரேணுகாவின் அத்தை மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் வீட்டு ஆள் போகாமல் இருந்தால் பேச்சு வரும் என்று நான்தான் அவளை அனுப்பி வைத்தேன். அவள் போன பிறகு மத்தியானம் சுவர் ஓரமாகத் தகரம் விலகி, தண்ணீர் நேராக மேசை மேல் ஊற்றியது. நான் பார்க்கும்போது பெட்டிக்குள்ளிருந்து செம்மண் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

மலையில் எது நனைந்தாலும் ஸ்டோருக்குத்தான் போகும். ஸ்டோர் என்றால் ஏலக்காய் காய வைக்கிற அறை. வெளியில் அடுப்பு எரியும், சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே சுற்றிவரும், தட்டுத் தட்டாகக் காயைப் பரப்பி வைத்திருப்போம். ஒரு பகல் ஒரு ராத்திரி போனால் பச்சை மாறாமல் காய்ந்துவிடும். கம்பளி, பாய், ரேஷன் கார்டு, தீப்பெட்டி, முத்துப்பாண்டியின் பூட்ஸ் எல்லாம் அங்கேதான் காயும். ஒரு தடவை ஆற்றில் விழுந்த டார்ச் லைட்டை அங்கே வைத்து எடுத்தோம், இன்றைக்கும் எரிகிறது.

"பெட்டியத் தூக்கி ஸ்டோருல வைடா" என்றேன்.

முத்துப்பாண்டி தயங்கினான். "இத வைக்கலாமா ஆத்தா? அவ வரட்டுமே."

"அவ வர்றதுக்குள்ள துரு ஏறிரும். காயே நெறம் மாறாம வெளிய வருது, இரும்புக்கு என்ன வந்துரப் போகுது? மூடியக் கழட்டி, தண்ணி வடியுற மாதிரி சாய்ச்சு வை."

வைத்தான். நானே இரண்டு விறகு கூடப் போட்டேன்.

மறுநாள் சாயங்காலம் ரேணுகா வந்தாள். மேசை காலியாக இருந்தது.

"பெட்டி எங்க அத்தை?"

"நனைஞ்சிருச்சு ஆத்தா. ஸ்டோருல போட்டு நல்லா கலகலன்னு காய வச்சுட்டேன். போய் எடுத்துக்க."

எடுத்து வந்து மாட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம். எவர்சில்வர் தட்டை யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. திரையில் ஒன்றும் வரவில்லை. அணைத்தாள். மறுபடி போட்டாள். அதே டக், டக். அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மருந்து தேதிதான? முத்துப்பாண்டி ஞாபகமா சொல்லுவான். இதுக்கு ஏன் முகத்த இப்படி வச்சிருக்க?"

என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அந்தப் பார்வையில் ஒன்றுமே இல்லை.

"நாளைக்குப் போடிக்குப் போறேன் அத்தை."

"எடுப்பு நடந்துக்கிட்டு இருக்கு. முடியட்டும்."

"போறேன்."

எட்டு வருசத்தில் ஒரே பேச்சை அவள் என்னிடம் இரண்டு தடவை சொன்னது அதுதான் முதல். அவள் போனால் நானும் போவேன் என்று கிளம்பினேன். காய வைத்தது நான், என்னவென்று நானும் தெரிந்துகொள்ள வேண்டாமா.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு உரக்கடை மாடியில் ராம்பிரசாத் என்று ஒருத்தர் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். நாற்பது வயசு இருக்கும். கெட்டுப்போன பெட்டிக்குள் இருக்கிறதை எடுத்துத் தருவதில் கெட்டிக்காரர் என்று ரேணுகாவின் ஆபீசில் சொன்னார்களாம். பெட்டியைத் திறந்தவர் குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"என்னக்கா இது, ஏலக்காய் வாசன அடிக்குது. பாயசத்துல எதும் போட்டீங்களா?"

"ஸ்டோருல காய வச்சோம்" என்றேன்.

அவர் சிரிப்பு நின்றது. உள்ளிருந்து ஒரு கனமான வில்லையைக் கழற்றி எடுத்தார். உள்ளங்கை அளவு. ஹார்டு டிஸ்க் என்றார். ஏற்றி வைக்கிறதெல்லாம் அதற்குள்தான் இருக்குமாம். உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு தட்டு சுற்றும், அதன் மேல் ஒரு ஊசி தொடாமல் பறக்கும், தொட்டால் போச்சு என்றார்.

"தண்ணி பட்ட ஈரத்தோட அப்படியே கவருல சுத்திக் கொண்டாந்திருந்தா மதுரையில கழுவி எடுத்திருப்பாங்க ஆத்தா. காய வச்சதுல உள்ள போன மண்ணு தட்டோட ஒட்டிப்போச்சு. ஊசி அதுல ஒரசுது. போட்டா டக்டக்குன்னு கேக்கும்ல, அந்தச் சத்தந்தான் அது."

"நான்தான் காய வச்சேன்."

அவர் ரேணுகாவைப் பார்த்து, "சென்னைக்கு அனுப்பலாம்கா. ஆனா ஒட்டுனது ஒட்டுனதுதான். போற வழியில குலுங்குனா இன்னும் மோசம். என்ன செய்யட்டும்?" என்றார்.

"நீங்களே எடுங்க" என்றாள்.

அந்த வில்லையை ஒரு ரப்பர் மெத்தை மேல் வைத்து, பக்கத்தில் சின்ன ஃபேன் ஒன்றை ஓட விட்டு, தன்னுடைய கம்ப்யூட்டரோடு ஒயரால் சேர்த்தார். "ஒரேயடியா இழுக்கக் கூடாது. லேசா வர்றத மொதல்ல எடுத்துக்கிருவோம். வராத எடத்தத் தொடாம தாண்டிப் போயிருவோம். மிச்சத்துக்கு அப்பறம் திரும்பி வருவோம்" என்றார்.

"காய் எடுப்பு மாதிரி" என்றேன்.

"அதேதான் ஆத்தா. பிஞ்ச இழுத்தா சரமே கையோட வந்துரும்ல."

மூணாவது தடவை போட்டபோது சத்தம் அடங்கி, திரையில் வரிசையாகப் பேர்கள் வந்தன. அவர் வாசித்தார். "கல்யாணம். மாமா. கோயில். ஆபீஸ். மருந்து தேதி." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "முழுசும் வரும்னு நான் சொல்ல மாட்டேன். எந்த நிமிசமும் நின்னுரும். எது மொதல்ல?"

"மாமா" என்றேன். அதே நேரத்தில் ரேணுகா, "மருந்து தேதி" என்றாள்.

மாமா என்கிறது என் வீட்டுக்காரர். அவர் போவதற்கு ஆறு மாசத்துக்கு முன்னால் கோயில் கொடை விழாவில் மைக் பிடித்துப் பேசினதை வீடியோ எடுத்திருந்தார்கள். அவர் குரல் வேறு எதிலும் இல்லை.

"பூச்சிக்கு மருந்து அடிச்ச தேதி, என் புருசனவிடப் பெருசா போச்சா உனக்கு?"

"அது சின்னது அத்தை. வெரசா வந்துரும். அத எடுத்துட்டு மாமாவ எடுக்கலாம்."

"அதுக்குள்ள நின்னு போச்சுன்னா?"

அவள் திரையையே பார்த்தாள்.

ராம்பிரசாத் நடுவில் வந்தார். "அக்கா சொல்றதும் சரிதான் ஆத்தா. வீடியோ பெருசு. நேரம் இழுக்கும்."

"ஏப்பா, நாங்க உன் கடைக்கு வந்தது ரிப்பேருக்கா, பஞ்சாயத்துக்கா? அந்த மனுசன் வச்சிட்டுப் போன தோட்டம், அவரு கட்டுன வீடு. அவரு குரலு மொதல்ல வரட்டும். நான் சொன்னாச் சொன்னதுதான்."

ரேணுகா தரையைப் பார்த்தாள். பிறகு, "அத்தை சொல்றத எடுங்கண்ணே" என்றாள்.

வீடியோ வந்து முடிய இரண்டரை மணி நேரம் ஆனது. நடுவில் நாலு தடவை நின்றது, ஆற விட்டு மறுபடி போட்டார். ரேணுகா ஸ்டூலில் இருந்து எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் அவர் ஓட்டிக் காட்டினார். என் வீட்டுக்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "மைக்க நேரா பிடிப்பா" என்று யாரையோ சொல்கிறார், இருமுகிறார், "எல்லாரும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்" என்கிறார். அம்புட்டுதான் பேச்சு. கேட்டால் நெஞ்சு நிறையும் என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது.

"இப்ப அக்காவோடத எடுப்போம்" என்று ராம்பிரசாத் அடுத்ததைத் திறந்தார். "அக்கா, இதுல தேதி எதுவும் காணோமே. எல்லாம் போட்டோவால்ல இருக்கு. நாப்பத்து மூணு."

டக், டக், டக். அவர் கை சட்டென்று ஒயருக்குப் போனது. சத்தம் நின்றது.

"என்ன போட்டோ?" என்று கேட்டேன்.

"அருளு" என்றாள் ரேணுகா.

ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே உரக்கடையில் யாரோ மூட்டை இறக்குகிறார்கள், படி அதிர்கிறது. ராம்பிரசாத் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, "டீ சொல்லிட்டு வர்றேன்" என்று இறங்கிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வரும் என்று உட்கார்ந்திருந்தேன். கூப்பிடாமலே வருகிற கோபம்தான். அன்றைக்கு வரவில்லை. அவளும் அதற்காகத்தான் காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். தோளை ஒடுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"படம் எடுத்ததாலதான் போயிட்டான்னு சொல்லுவீங்க."

பொய் சொல்ல எனக்கு வராது. "சொல்லியிருப்பேன்" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சரிதான் என்கிற மாதிரி. டீ வந்தது, குடித்தோம்.

நான் மலைக்குத் திரும்பிப் போகவில்லை, கீழே வீட்டிலேயே தங்கிவிட்டேன். முத்துப்பாண்டி போன் போட்டு, "எடுப்புக்கு ஆளப் பாக்க நீ வேணும் ஆத்தா" என்றான். "நீயே பாரு" என்றேன். விசயத்தைச் சொன்னேன். "எனக்குத் தெரியும் ஆத்தா. ரெண்டு மூணு படம் காட்டியிருக்கா" என்றான்.

"தெரிஞ்சா ஸ்டோருல வைக்கச் சொன்னப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"காயத்தான வைக்கிறோம்னு நானும் நெனச்சேன்" என்றான். போனை வைத்துவிட்டான்.

ரேணுகா பகலில் ஆபீசுக்குப் போனாள். நான் காலையில் சாப்பிட்டுவிட்டு ராம்பிரசாத் கடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவேன். "ஆத்தா, நீங்க வரணும்னு இல்ல, நான் போன் பண்றேன்" என்று தினமும் சொல்லுவார். "நீ உன் சோலியப் பாரு, உன் சோத்தையா நான் திங்கிறேன்?" என்பேன். ஒரு நாளைக்கு இருபது நிமிசம், அரைமணி நேரம்தான் அந்த வில்லையை ஓட விடுவார். பிறகு ஆறப் போடுவார். முன்னாலிருந்து வரவில்லை என்றால் பின்னாலிருந்து பிடிப்பார். மண் ஒட்டாத இடமாகப் பார்த்துப் பார்த்து இன்னொரு வில்லைக்கு மாற்றினார். கல்யாணம் வந்தது. கோயில் வந்தது. மருந்து தேதி இருந்த இடம்தான் ஊசி உரசுகிற இடமாம். ஐந்தாம் நாள் அதிலிருந்து ஒரு படம் எடுத்தேன் என்றார். எழுந்து போய்ப் பார்த்தேன். மேலே ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் துணி தெரிந்தது. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல் நிறம்.

"இது என்ன துணி ஆத்தா?"

"தொட்டில் சேலை" என்றேன்.

எட்டாம் நாள் போட்டபோது டக் என்ற சத்தமும் வரவில்லை. இரண்டு மூணு தடவை போட்டுப் பார்த்தார். காதோரம் வைத்துக் கேட்டார். "நின்னுருச்சு ஆத்தா" என்றார். நான் அந்த ஸ்டூலிலேயே மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் ரேணுகாவிடம் நான்தான் சொன்னேன். "சரி அத்தை" என்றாள். கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள், அரிந்து முடித்தாள்.

பதினோராம் நாள் சனிக்கிழமை. ராம்பிரசாத் அவளுக்குப் போன் செய்தார். இரண்டு பேரும் போனோம். அவர் உட்காரச் சொல்லவில்லை, நேராகத் திரையைக் காட்டினார். கறுப்பாக இருந்த திரையில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டம். ஸ்டாம்பு அளவு ஒவ்வொன்றும்.

"பெரிய படம் எதுவும் வரலக்கா. ஆனா படம் இருக்குற எடத்தத் தெறந்தா எல்லாம் சின்னதா வரிசையா தெரியும்ல, அப்பிடிக் காட்டுறதுக்கு கம்ப்யூட்டர் தானா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சின்னப் படம் செஞ்சு வேற எடத்துல வச்சுக்கிரும். அந்த எடத்துல மண்ணு ஒட்டல. நிக்கிறதுக்கு முன்னாடி எடுத்ததுல அது இருந்திருக்கு. நேத்துத் தேடும்போதுதான் பாத்தேன்."

"எல்லாமா?" என்றாள்.

"நாப்பத்து மூணும் இருக்கு. நீங்க தெறந்து தெறந்து பாத்திருக்கீங்கக்கா. அதனாலதான் இது உண்டாச்சு. போட்டு மூடியே வச்சிருந்தா இதுவும் கெடச்சிருக்காது."

ரேணுகா திரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தாள். அவர் ஒரு கட்டத்தை எடுத்துப் பெரிதாக்கிக் காட்டினார். பெரிதாக ஆக முகம் சதுரம் சதுரமாக உடைந்து, எது கண் எது மூக்கு என்று தெரியாமல் போனது. "சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, போட்டா தெளிவா வரும். ஆனா இல்லாத எடத்த அது தானா வரைஞ்சுக்கிரும். பாக்க நல்லாருக்கும்" என்றார்.

"வேணாம்ணே" என்றாள் அவள். "அவ முகமா இருக்காது. இருக்குற அளவுலயே போட்டுக் குடுங்க."

ஒரே தாளில் நாற்பத்து மூணையும் அந்த அளவிலேயே போட்டுக் கொடுத்தார். அதோடு மூணு இடத்தில் தனித்தனியாக ஏற்றியும் கொடுத்தார். ஒன்று அவள் செல்போனில் இருக்கிறது. நான் அதை இப்போது வாங்கிப் பார்ப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்தத் தாளை நான்தான் முதலில் வாங்கினேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், கண்ணுக்கு நேராக வைத்தேன். தள்ளி வைத்தேன். என் வலது கண்ணில் புரை விழுந்து நாலு வருசம் ஆகிறது. இடது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. ஆபரேசன் செய்யச் சொல்லி முத்துப்பாண்டி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டான். எனக்கு அந்தத் தாளில் பொட்டுப் பொட்டாக நிறம்தான் தெரிந்தது. ஒன்றில் மஞ்சள், ஒன்றில் சிவப்பு. எங்கே என் பேத்தி என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். கேட்கிறதற்கு எனக்கு வாய் வரவில்லை. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"ஏத்தா, இது என்ன?" என்று முதல் கட்டத்தில் விரலை வைத்தேன்.

ரேணுகா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கு. கண்ணு மூடியிருக்கா."

"இது?"

"குளிப்பாட்டி சாம்பிராணி போட்டது. தல ஈரமா இருக்கு."

"இது?"

"கொட்டாவி விடுறா."

"இதுல ஏதோ வெள்ளையா இருக்கே."

"அது உங்க சேலை. உங்க மடியில தூங்குறா."

"நான் இருக்கும்போதேவா எடுத்த?"

"நீங்களும் தூங்குறீங்க அத்தை. வாயத் தெறந்துக்கிட்டு."

குரலில் சிரிப்பு இருந்ததா என்று தெரியவில்லை. இருந்திருக்கலாம். நான் அடுத்ததில் விரலை வைத்தேன். பிள்ளை போனதற்கு அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசின முதல் பேச்சு அதுதான். எனக்கும் அதுதான். அவள் சொல்லச் சொல்ல எனக்கு நெஞ்சில் ஒன்றும் செய்யவில்லை. செய்யாமல் இருப்பதும் ஒரு பாரமாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் தெரிந்துகொண்டேன். எந்தக் கட்டத்தில் என்ன சட்டை, எந்தப் பக்கம் தலை சாய்ந்திருக்கிறது என்று இப்போது கேட்டால் சொல்லுவேன். பதினாறாவது வரைக்கும் வந்தபோது அவள் எழுந்து, "காலையில ஆபீசு இருக்கு அத்தை" என்று போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை.

அடுத்து நாலு நாள் நானாகக் கேட்கவில்லை, அவளாகவும் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் வேலை முடிந்து வந்து, முகம் கழுவிவிட்டு, தாளை எடுத்து என் மடியில் வைத்து என் விரலைப் பிடித்து ஒரு இடத்தில் வைத்தாள். "இது குப்புற விழுந்த அன்னிக்கு" என்றாள்.

இருபத்தாறு வரைக்கும் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு ஏலத்துக்கு லிஸ்ட் அதிகம் என்று போன் செய்தாள், இன்னும் வரவில்லை. சோறு வடித்து வைத்திருக்கிறேன்.